ஆம்னி வேனின் முகப்பு விளக்கு: மங்கலின் இலக்கணமும் பரிகாரமும்

முகப்பு விளக்கு மங்கல் என்பது, வண்டி ஓட்டுபவருக்குச் சாலை தெரியாமலும் எதிரே வருபவருக்கு வண்டி ஒருவாறு தெரிந்தும் இருக்கும் நிலை. பேட்டரி இறங்கி விளக்கே எரியாத நிலை இதில் சேராது. அது இருள், மங்கல் அன்று. ஓட்டுநர் தாடை ஸ்டியரிங்கைத் தொடுமளவு முன்னால் சாய்ந்து உட்கார்வதே மங்கலின் முதல் அடையாளம். இப்படிச் சாய்வதால் கண் சாலைக்கு அரையடி நெருங்குகிறதே ஒழிய வெளிச்சம் ஒரு பொட்டும் கூடுவதில்லை. ஆயினும், பொழுது சாய்ந்தபின் பழைய வேன் ஓட்டுகிற எவரிடமும் இந்தச் சாய்வைக் காணலாம் என்பதால், மங்கலை அளக்கும் கருவிகளில் இதற்கே முதலிடம். மல்டிமீட்டருக்கு இரண்டாமிடம்.

ஆய்வுப் பொருளாக மாருதி ஆம்னி இங்கே கொள்ளப்படுகிறது. 1984-இல் 'மாருதி வேன்' என்று பிறந்து, 1988-இல் ஆம்னி என்று பெயர் சூட்டப்பெற்று, 2019 வரை உற்பத்தியில் இருந்த வண்டி அது. 796 சிசி, மூன்று சிலிண்டர். பள்ளிப் பிள்ளைகள், பந்தல் சாமான், சமையல் கோஷ்டியின் அண்டா, கோயம்பேட்டுப் பூக்கூடை, நோயாளி என்று அது சுமக்காதது இல்லை. தமிழ்ப் படங்களில் ஆள் கடத்தலுக்கென்றே பிறந்த வாகனமாகவும் அது விளங்கியது. பக்கவாட்டில் தள்ளித் திறக்கும் கதவு அதற்குத் தோது. அக்கடத்தல்கள் பலவும் பட்டப்பகலில் நிகழ்வதற்கு இயக்குநர்கள் என்ன காரணம் சொன்னாலும், ஆம்னியின் ஹெட்லைட்டை அறிந்தவர்களுக்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை.

ஆம்னிக்கு மூக்கு கிடையாது. எஞ்சின் முன்சீட்டுக்கு அடியில் இருக்கிறது. ஓட்டுநர் முன்சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்திருக்கிறார். அவருடைய முழங்காலுக்கும் ஹெட்லைட்டுக்கும் இடையே உள்ள தூரம் ஒரு முழத்தைச் சற்றே தாண்டும். அவர் ஜன்னல் வழியே கையில் டார்ச்சுடன் ஓட்டினாலும் விளக்கின் இடம் பெரிதாக மாறிவிடாது. இவ்வளவு அருகில் இருக்கும் விளக்குக்கு மின்சாரம் மட்டும் சுற்றிச் சுற்றி வருகிறது என்பதே இவ்வாய்வின் மையம்.

மங்கலின் வகை

மங்கல் மூவகைப்படும்: பிறவி மங்கல், வரவு மங்கல், பார்வை மங்கல். பிறவி மங்கல் தொழிற்சாலையிலிருந்தே வண்டியோடு வருவது. வரவு மங்கல் வயதால் வருவது. பார்வை மங்கல் ஓட்டுநரிடம் இருப்பது. பெரும்பாலும் வண்டியின் கணக்கில் எழுதப்படுவது. மூன்றும் ஒரே வண்டியில் கூடியிருப்பதே வழக்கம்.

பிறவி மங்கலுக்கு எச்4 பல்பின் அமைப்பே சான்று. 1971-இல் அறிமுகமான இந்த ஹாலஜன் பல்புக்குள் இரண்டு இழைகள் உண்டு. பிரைட்டுக்கு 60 வாட், டிம்முக்கு 55 வாட். 13.2 வோல்ட் கிடைத்தால் பிரைட் 1650 லூமனும் டிம் 1000 லூமனும் தரவேண்டும் என்பது தரநிர்ணயம். 15 சதவீதம் கூடவோ குறையவோ இருக்கலாம். டிம் இழைக்குக் கீழே சின்னஞ்சிறு கிண்ணம் ஒன்று இருக்கிறது. கீழ்நோக்கிப் போகும் ஒளியை அது மறைத்துவிடும். ஆகவே டிம்மில் ஓட்டும்போது டூமின், அதாவது பல்பைச் சூழ்ந்திருக்கும் பிரதிபலிப்பானின், மேல்பாதி மட்டுமே வேலை செய்கிறது. கீழ்ப்பாதி சும்மா இருக்கிறது. எதிரே வருபவரின் கண் கூசாமலிருக்கச் செய்த ஏற்பாடு இது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் புத்தம்புது வண்டியிலும் டிம் என்பது டிம்தான் என்பதை இதனால் உணரலாம். பிறவி மங்கலுக்கு முழுப் பரிகாரம் இல்லை; அதோடு வாழப் பழகிக்கொள்ள வேண்டும்.

வரவு மங்கலும் அடுக்கு விதியும்

வரவு மங்கலே விரிவாக ஆராயத் தக்கது. பேட்டரியிலிருந்து புறப்படும் மின்சாரம் ஃபியூஸ் பெட்டி, லைட் சுவிட்ச், டிப்பர் சுவிட்ச், இடையிடையே கப்ளர்கள், பல்பு ஹோல்டர் ஆகியவற்றைக் கடந்து இழையை அடைகிறது. பிறகு எர்த் ஒயர் வழியாக பாடிக்கு வந்து பேட்டரிக்குத் திரும்புகிறது. இருபது வருடத் துருவும் பாசியும் ஏறிய பின் ஒவ்வோர் இணைப்பும் தன் பங்குக்குக் கொஞ்சம் வோல்ட்டை எடுத்துக்கொள்கிறது. ஒயரும் எடுத்துக்கொள்கிறது. ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்குப்பரப்புள்ள செம்புக் கம்பியின் மின்தடை மீட்டருக்கு ஏறத்தாழ 0.017 ஓம். ஐந்து மீட்டர் கம்பியில் இரண்டு பல்புக்கும் சேர்த்துப் பத்து ஆம்பியர் ஓடினால், கம்பியிலேயே 0.85 வோல்ட் போய்விடும். சுவிட்சும் கப்ளரும் துருவேறிய எர்த்தும் சேர்ந்து இன்னொரு வோல்ட்டுக்கு மேல் விழுங்குவது அதிசயமே இல்லை. ஆல்டர்னேட்டர் ஒழுங்காக 13 வோல்ட்டுக்கு மேல் அனுப்பியும் பல்பின் காலில் 11-தான் இருக்கும் என்னும் நிலை இப்படித்தான் உண்டாகிறது.

போனது இரண்டு வோல்ட்தானே என்று தோன்றலாம். இழைபல்பின் குணம் அப்படியானதன்று. அதன் ஒளி வோல்ட்டுக்கு நேர்விகிதத்தில் குறையாது, வோல்ட்டின் 3.4-ஆம் அடுக்குப்படி குறையும். 13.2 வோல்ட்டில் 1000 லூமன் தரும் டிம், 12 வோல்ட்டில் 720 லூமனாகிறது. 11 வோல்ட்டில் 540. வோல்ட்டில் ஆறில் ஒரு பங்கு போனால் வெளிச்சத்தில் பாதியளவு போய்விடுகிறது. மிஞ்சிய வெளிச்சமும் வெள்ளையாக இராது, பழுத்த மஞ்சளாக இருக்கும். மெக்கானிக்குகள் இதை 'லைட்டு செவப்பா எரியுது' என்கிறார்கள். இழையின் சூடு குறைந்தால் ஒளி சிவப்புப் பக்கம் சாய்வது இயற்பியல்; அந்த நோயறிதலில் பிழையேதும் இல்லை.

காணாமற்போன ஒளி எங்கே போயிற்று என்பது அடுத்த வினா. அது எங்கும் போகவில்லை, வண்டிக்குள்ளேயே இருக்கிறது. இரண்டு வோல்ட்டும் பத்து ஆம்பியரும் பெருக்கினால் இருபது வாட். அந்த இருபது வாட்டும் சுவிட்சிலும் கப்ளரிலும் கம்பியிலும் வெப்பமாக மாறுகிறது. இரவில் ஒரு மணிநேரம் ஓட்டியபின் சிலருக்கு லைட் சுவிட்ச் விரலில் சுடுவதன் காரணம் இதுவே. சாலைக்குக் கிடைக்க வேண்டியது டாஷ்போர்டுக்குக் கிடைத்திருக்கிறது. கப்ளரின் பிளாஸ்டிக் பழுப்பேறி இளகியிருந்தால் அது இந்த வினியோகத்தின் எழுத்துப்பூர்வமான சான்று.

இவ்விதியின் மறுபக்கம் இன்னும் சுவையானது. பல்பின் ஆயுள் வோல்ட்டின் ஏறத்தாழ 13-ஆம் அடுக்குக்குத் தலைகீழாக மாறுகிறது. கணக்கிட்டுப் பார்த்தால், 11 வோல்ட்டில் எரியும் பல்பு, 13.2 வோல்ட்டில் எரியும் பல்பைப் போலப் பத்து மடங்கு காலம் உழைக்கும். 'இந்த வண்டி வாங்கினதிலிருந்து ஹெட்லைட் பல்பே மாத்தினதில்ல' என்று உரிமையாளர்கள் பெருமையாகச் சொல்வதுண்டு. ஆராய்ச்சி நோக்கில் அது பெருமைக்குரிய செய்தியன்று, நோய்க்குறி. பல்பு நீடூழி வாழ்வது அது வேலை செய்யாததால்தான்.

பல்பைக் குறை கூறும் மரபு

மங்கலுக்குப் பல்பே காரணம் என்னும் கொள்கை நாடெங்கும் வேரூன்றியிருக்கிறது. இதற்குத் தர்க்கக் காரணம் ஏதும் இல்லை. பல்பு கண்ணுக்குத் தெரிகிறது, ஒயர் தெரிவதில்லை என்பதே காரணம். இக்கொள்கையினர் மூன்று பிரிவினர்.

முதற்பிரிவினர் வாட்டை உயர்த்துபவர்கள். 60/55 இருந்த இடத்தில் 100/90 போடுவது இவர்கள் வழக்கம். அடிப்படையான ஒன்றை இவர்கள் மறக்கிறார்கள். வாட் கூடினால் ஆம்பியர் கூடும். ஆம்பியர் கூடினால் அதே மெலிந்த ஒயரில் இழப்பும் கூடும். கூடுதல் மின்சாரத்தில் கணிசமான பங்கு வழியிலேயே சூடாகக் கரைந்துவிடும். எஞ்சியது பல்பைச் சேர்ந்து ஹோல்டரை உருக்கும், டூமின் பூச்சைப் பொசுக்கும். சுவிட்ச் உருகி நடுவழியில் விளக்கு மொத்தமாக அணைந்துபோன பின்புதான் பலர் இப்பிரிவை விட்டு விலகுகிறார்கள். சாலைப் பயன்பாட்டுக்கு அனுமதிக்கப்பட்ட வாட் அது அன்று என்பதும் அப்போதுதான் நினைவுக்கு வரும்.

இரண்டாம் பிரிவினர் நீல நிறத்தை நம்புபவர்கள். பல்பின் கண்ணாடிக்கு நீலப்பூச்சு கொடுத்து, பெட்டியில் மின்னல் படம் அச்சிட்டு விற்கப்படும் வகை இது. நீலப்பூச்சு மஞ்சள் ஒளியை வடிகட்டுகிறது. வடிகட்டியபின் இருப்பது குறையுமே தவிரக் கூடாது. பார்ப்பதற்கு வெள்ளை, சாலைக்குக் குறைவு. மழையில் இன்னும் குறைவு. கல்யாண வீட்டு வாசலில் நிறுத்தி வைக்க இது நன்றாக இருக்கும்.

மூன்றாம் பிரிவினர் எல்இடி சமயத்தார். இன்று இவர்களே பெரும்பான்மை. இவர்கள் வாதத்தில் பாதி உண்மை உண்டு. எல்இடிக்குள் இருக்கும் சிறு மின்சுற்று, வோல்ட் சற்றுக் குறைந்தாலும் வெளிச்சத்தைக் குறையவிடாது. மின்சாரமும் குறைவாகவே எடுக்கும். ஆகவே ஒயரின் குற்றம் மறைந்துபோகும். மறைவது குற்றம் தீர்வதாகாது என்பது ஒருபுறம் இருக்க, டூமின் வளைவும் முகக்கண்ணாடியின் வரிகளும் இழை எந்த இடத்தில், எந்த அளவில் இருக்கும் என்று கணக்கிட்டு வார்க்கப்பட்டவை. அந்த இடத்திலிருந்து ஒளிமூலம் ஒரு மில்லிமீட்டர் விலகினாலும் ஒளிக்கற்றையின் வடிவம் கெடும். மலிவான எல்இடிகளில் வெளிச்சம் மரத்தின் உச்சிக்கும் எதிரே வருபவரின் கண்ணுக்கும் போகிறது. சாலையின் பள்ளத்துக்கு மட்டும் போவதில்லை. ஓட்டுநருக்கோ பத்தடிக்குள் பளீரென்று இருப்பதால் திருப்தி. அருகிலுள்ள அப்பளீர், தூரத்தைப் பார்க்க வேண்டிய கண்ணைச் சுருக்கிவிடுகிறது.

சோதனை முறை

நோயைக் கண்டறிய மல்டிமீட்டரும் இரண்டு நீள ஒயர்களும் போதும். எஞ்சின் ஓடவேண்டும், விளக்கு எரியவேண்டும், பல்பு அதன் ஹோல்டரிலேயே இருக்கவேண்டும். இக்கடைசி நிபந்தனையை மீறுவதால் தமிழகத்தில் வீணான மாலைப் பொழுதுகள் ஏராளம். பல்பைக் கழற்றிவிட்டு ஹோல்டரில் மீட்டரை வைத்தால் 12.6 அல்லது 13.8 என்று முழுதாகக் காட்டும். மின்சாரம் ஓடாதபோது இழப்பும் இராது. 'கரன்ட் கரெக்டா வருது சார், பல்புதான் டுபாக்கூர்' என்னும் தீர்ப்பு பட்டறைகளில் இப்படித்தான் பிறக்கிறது.

மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் பிளஸ்ஸிலும் மறுமுனையைப் பல்பின் பிளஸ் காலிலும் வைத்தால், வரும் எண் போகும் வழியின் இழப்பு. பேட்டரி மைனஸிலும் பல்பின் எர்த் காலிலும் வைத்தால், திரும்பும் வழியின் இழப்பு. இரண்டும் சேர்ந்து அரை வோல்ட்டுக்குள் இருந்தால் ஒயரிங் நல்லபடியாக இருக்கிறது. அதற்குமேல் ஒவ்வொரு பத்தில் ஒரு பங்கு வோல்ட்டும் இருட்டு. திரும்பும் வழியைப் பெரும்பாலோர் அளப்பதே இல்லை. எர்த் ஒயர் பாடியில் முறுக்கப்பட்ட இடத்தில் பெயின்டும் துருவும் சேர்ந்திருப்பது சாதாரணம். கடலோர ஊர்களில் உப்புக்காற்று இதை இரண்டே மழைக்காலத்தில் முடித்துவிடும். தூத்துக்குடியிலோ நாகப்பட்டினத்திலோ ஓடிய வண்டி வாங்குபவர் எர்த்தைச் சுரண்டிவிட்டே மற்றதைப் பேசலாம். உப்புத்தாள் கொண்டு தகடு பளபளக்கத் தேய்த்து, புதிய வளையம் போட்டு முறுக்கி, மேலே கிரீஸ் தடவினால், சில வண்டிகளில் மங்கலின் பாதி அங்கேயே தீர்ந்துவிடுகிறது. செலவு ஒரு டீயும் வடையும்.

ரிலே

மீதிப் பாதிக்கு ரிலே. கொள்கை எளியது: பழைய ஒயருக்கும் சுவிட்சுக்கும் உத்தரவிடும் வேலை மட்டும், சுமக்கும் வேலை புதிய தடித்த ஒயருக்கு. பேட்டரியிலிருந்து நேராக 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் ஒன்று விளக்கின் பக்கத்துக்கு வருகிறது. அங்கே டிம்முக்கு ஒரு ரிலே, பிரைட்டுக்கு ஒரு ரிலே. டிப்பர் சுவிட்சிலிருந்து வரும் பழைய ஒயர் ரிலேயின் சுருளை மட்டும் இயக்கும். சுருள் எடுப்பது 0.2 ஆம்பியருக்கும் குறைவு. பத்து ஆம்பியரைச் சுமந்து களைத்த சுவிட்ச் இனிச் சுடாது, உருகாது, வண்டி இருக்கும் வரை இருக்கும்.

ரிலேயின் அடியில் 30, 85, 86, 87 என்று எண்கள் பொறித்திருக்கும். ஜெர்மானியத் தரமுறையில் வழங்கும் எண்கள் அவை. கூட்டிப் பார்த்துப் பலன் காண வேண்டாம். 30-க்கு பேட்டரியிலிருந்து வரும் தடித்த ஒயர், 87-இலிருந்து பல்புக்கு. 85, 86 இரண்டும் சுருளின் இரு முனைகள். தடித்த ஒயர் பேட்டரியை விட்டுப் புறப்பட்ட ஒரு சாணுக்குள் ஃபியூஸ் இருந்தே ஆகவேண்டும். 20 ஆம்பியர் போதும். ஃபியூஸ் இல்லாத தடித்த ஒயர் எங்கேனும் உரசித் தகட்டைத் தொட்டால், வேன் வேறு வகையில் ஒளிரத் தொடங்கும்.

ஓர் எச்சரிக்கை. ஜப்பானிய வம்சத்து வண்டிகள் சிலவற்றில் சுவிட்ச் பிளஸ் பக்கம் இராமல் எர்த் பக்கம் இருக்கும். சுசுகியின் பழைய சாமுராய் ஜீப் இதற்கு உதாரணம். அங்கே பல்பின் பொதுக்காலில் எப்போதும் பிளஸ் நிற்கும். டிம்மும் பிரைட்டும் எர்த் கொடுத்து எரிபவை. கையிலுள்ள வண்டி எந்த வகை என்று டெஸ்ட் லாம்ப் வைத்துப் பார்க்காமல், கடையில் வாங்கிய ரிலே செட்டை அப்படியே சொருகினால், விளக்கு எரியாது. எரிந்தால் இரண்டும் சேர்ந்து எரியும். 'செட்டு ரிப்பேர்' என்று கடைக்காரரோடு தகராறு நடப்பதும் உண்டு. கடைக்காரர் குற்றமற்றவர்.

வேலை முடிந்து விளக்கைப் போடும்போது 'டிக்' என்று ஓர் ஒலி கேட்கும். இவ்வொலிக்கும் வெளிச்சத்துக்கும் தொடர்பில்லை. ஆனால் பணம் கொடுத்தவரின் மனத்தில் நிறைவு உண்டாவது இதைக் கேட்டுத்தான் என்பதால், ஒலியில்லாத ரிலேக்களை ஆட்டோ எலக்ட்ரீஷியன்கள் பரிந்துரைப்பதில்லை. புதிய வோல்ட்டில் பழைய பல்பு சில மாதங்களில் உயிரை விடலாம். மேலே கண்ட அடுக்கு விதிப்படி அது இயற்கை மரணம்.

டூமும் துலக்கலும்

வோல்ட் முழுதாக வந்தும் விளக்கு மங்கலாக இருந்தால் டூமைப் பார்க்க வேண்டும். டூமின் உட்புறம் கண்ணாடிபோல் மின்னுவது, வெற்றிடத்தில் ஆவியாக்கிப் படியவைத்த அலுமினியப் பூச்சினால். அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. பல்புக்குப் பின்னால் இருக்கும் ரப்பர் தொப்பி கிழிந்தால் ஐப்பசி மழையில் உள்ளே நீர் புகும், தூசி புகும், சிலந்தி குடியேறும். பூச்சு வெளுக்கும், பிறகு உரியும்.

இங்கே வீட்டுப் பழக்கம் பட்டறைக்குள் நுழைந்து செய்யும் சேதம் குறிப்பிடத்தக்கது. விளக்கு என்றால் புளியும் விபூதியும் போட்டுத் துலக்குவது நம் மரபு. பித்தளைக் குத்துவிளக்கு துலக்கத் துலக்க மின்னும். உள்ளேயும் பித்தளையே இருப்பதுதான் காரணம். டூமைத் துலக்கினால் பூச்சு துணியோடு வந்துவிடும். உள்ளே மின்னுவதற்கு வேறொன்றும் இல்லை. உலர்ந்த துணியால் துடைப்பதே ஆபத்து. வெளுத்த டூமுக்கு மாற்றம் ஒன்றே மருந்து, அதுவும் ஜோடியாக. பற்பசை தேய்க்கும் வைத்தியம் மஞ்சளேறிய பிளாஸ்டிக் முகங்களுக்குச் சில வாரம் கைகொடுக்கும். பழைய ஆம்னியின் முகம் கண்ணாடி. கண்ணாடி மஞ்சளாகாது, அதற்குப் பற்பசை தேய்த்தால் மணம் மட்டும் கிடைக்கும்.

புதுப் பல்பை மாட்டும்போது அதன் கண்ணாடியை விரலால் தொடக்கூடாது. தலைக்குத் தேங்காயெண்ணெய் வைத்த கையென்றால் அறவே கூடாது. எண்ணெய் பட்ட இடம் எரியும்போது அதிகம் சூடாகிப் பல்பு விரைவில் கெடும்.

கரும்பொட்டு

தமிழகத்து ஹெட்லைட்டுகளின் நெற்றியில் வட்டமான கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டப்பட்டிருப்பதை ஆய்வாளர்கள் கவனித்திருக்கக்கூடும். எதிரே வருபவரின் கண் கூசக்கூடாது என்பதற்காகப் போக்குவரத்துக் காவலர்கள் சாலையில் வண்டிகளை நிறுத்தி ஒட்டுவது. சில வண்டிகளில் மேல்பாதி முழுவதும் கறுப்புப் பெயின்ட்டே அடித்திருக்கும். எச்4 பல்பின் மூக்கில் ஏற்கனவே கறுப்புப் பூச்சு உண்டு. நேர் முன்னே பாயும் ஒளியை அதுவே தடுத்துவிடுகிறது. ஆகவே நடுப்பொட்டு, தடுக்கப்பட்டதை மீண்டும் தடுக்கிறது. மேல்பாதிக் கறுப்போ விபரீதமானது. டிம் ஒளி டூமின் மேல்பாதியிலிருந்து வருவது முன்பே சொல்லப்பட்டது. மேல்பாதியை மூடினால் டிம்மின் பெரும்பகுதி போகும். கீழ்ப்பாதியையும் பயன்படுத்தும் பிரைட்டுக்கு அந்த அளவு பாதிப்பில்லை. விளைவாக ஓட்டுநர் எப்போதும் பிரைட்டிலேயே போகத் தொடங்குகிறார். கண்கூச்சத்தைத் தடுக்க வந்த கறுப்பு, கண்கூச்சத்துக்கே வழிசெய்கிறது. மங்கலான ஆம்னியின் நடுப்பொட்டு மட்டும் வேறு பணியும் செய்கிறது: அந்த வெளிச்சத்துக்குக் கண் பட்டுவிடாமல் காக்கும் திருஷ்டிப் பொட்டாக.

சட்டத்தின் மனிதர்

1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் விளக்குகளைப் பற்றி இரு விதிகள் அடுத்தடுத்து இருக்கின்றன. 105-ஆம் விதி, சூரியன் மறைந்து அரைமணிக்குப் பின் வண்டியின் விளக்கு முன்னால் 155 மீட்டரில் உள்ள ஆளையும் வண்டியையும் தெளிவாகக் காட்டவேண்டும் என்கிறது. 106-ஆம் விதி, விளக்கிலிருந்து 8 மீட்டர் தள்ளி, வண்டியின் வலது ஓரத்துக்கு அரை மீட்டர் வலப்புறம், தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் கண் உள்ள எவருக்கும் கூசக்கூடாது என்கிறது.

155 மீட்டர் என்பதை 11 வோல்ட் ஆம்னிக்குப் பொருத்திப் பார்க்கலாம். ஒளி தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறைவதால், வெளிச்சம் 54 சதவீதமானால் எட்டும் தூரம் 73 சதவீதமாகும்: அதாவது 114 மீட்டர். காணாமற்போன 41 மீட்டருக்குள் பின்விளக்கே இல்லாத கரும்பு டிராக்டரும் டிரெய்லரும் தாராளமாக நிற்கும். தை மாதத்தில் திண்டுக்கல்–பழனிச் சாலையில் ஒரு பாதயாத்திரைக் குழுவே நடக்கும். நடப்பவர்களின் பையிலும் கைத்தடியிலும் காவல்துறை ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டிவிடுவது பயனுள்ள ஏற்பாடு; அந்த ஸ்டிக்கரும் தனக்குக் கிடைத்த வெளிச்சத்தைத்தான் திருப்பித் தரும். கார்த்திகை, மார்கழியில் கறுப்பு வேட்டி கட்டி நடக்கும் ஐயப்ப சாமிகள் திருப்பித் தருவது மிகச் சொற்பம்.

106-ஆம் விதியின் மனிதர் தனிக் கவனத்துக்குரியவர். எட்டு மீட்டரில், அரை மீட்டர் தள்ளி, ஒன்றரை மீட்டர் உயரத்தில் கண்ணை வைத்துக்கொண்டு அசையாமல் நிற்கும் அவருக்கு ஊரும் பேரும் இல்லை. ஆனால் விளக்கைச் சரியாகக் குறிவைக்கும் எவரும் அவரையே மனத்தில் வைக்கவேண்டும். பிரகாசமாக்கிய விளக்கு குறி தவறினால், மங்கலாக இருந்தபோது செய்யாத குற்றத்தைச் செய்யும்.

குறிவைக்கச் சமதரையும் வெள்ளைச் சுவரும் தேவை; பள்ளிக்கூடத்து மதில் பொருத்தமானது. நான்கு டயரிலும் காற்று சரியாக இருக்க, ஓட்டுநர் சீட்டில் ஒருவர் உட்கார்ந்திருக்க, சுவரிலிருந்து 10 மீட்டரில் வண்டியை நிறுத்தவேண்டும். பல்பின் நடுமட்ட உயரத்தைச் சுவரில் சாக்பீஸால் கோடிட்டு, அதற்கு 10 சென்டிமீட்டர் கீழே இன்னொரு கோடு. டிம்மில் ஒளியின் மேல்விளிம்பு இரண்டாம் கோட்டில் நிற்கவேண்டும். இடப்புறம் மட்டும் விளிம்பு 15 பாகை சாய்வில் ஏறும். இடதுபுறம் செல்லும் நாட்டில் சாலையோரத்தில் நடப்பவரைக் காட்டுவதற்கான ஏற்றம் அது. வலதுபுறம் செல்லும் நாட்டுக்குச் செய்த டூமை மலிவாகக் கிடைத்ததென்று மாட்டினால், ஏற்றம் வலப்புறம் வரும். 106-ஆம் விதியின் மனிதர் பாவம்.

பளு ஏறினால் குறி மாறும். பின்பக்கம் சமையல் அண்டாவும் ஆறு பேரும் ஏறி வண்டியின் முன்பக்கம் ஒரு பாகை தூக்கினால், 10 மீட்டரில் ஒளி 17 சென்டிமீட்டர் மேலே போகும். கோட்டுக்குக் கீழே இருந்த விளிம்பு கோட்டைத் தாண்டி வானம் பார்க்கும். பழைய ஆம்னியில் இதைச் சரிசெய்யும் திருகு டாஷ்போர்டில் கிடையாது. முகூர்த்த நாளுக்கு முந்தின இரவில் சமையல் கோஷ்டி வேனுக்கு எதிரே வருபவர்கள் கண்ணைக் கையால் மறைத்துக்கொள்வதன் காரணம் இதுவே. பின்னிருக்கையில் இருப்பவர்களை முன்னால் வரச் சொல்லலாம். அண்டாவைச் சொல்ல முடியாது.

பார்வை மங்கல்

மேற்கண்ட யாவும் செய்து பல்பில் 13 வோல்ட் நின்றும் சாலை தெரியவில்லையென்றால், ஆய்வை ஓட்டுநரின் பக்கம் திருப்பவேண்டும். இருபது வயதில் விழித்திரைக்குக் கிடைக்கும் ஒளியில் அறுபது வயதில் மூன்றில் ஒரு பங்கே கிடைக்கிறது. கண்பாவை சுருங்குவதும் கண்ணின் லென்ஸ் மஞ்சளாவதும் காரணம். கண்ணாடி முகம் மஞ்சளாகாத வண்டியை மஞ்சளாகும் லென்ஸ் கொண்டவர் ஓட்டுகிறார். வண்டி வாங்கிய வருடத்தில் நன்றாகத் தெரிந்த சாலை இப்போது தெரியவில்லை என்றால், இடையில் இருவருக்கும் வயதாகியிருப்பதைக் கணக்கில் சேர்க்கவேண்டும். கண்புரை அறுவைக்குப் பின் ஹெட்லைட் திடீரென்று சரியாகிவிட்டதாகச் சொல்பவர்கள் உண்டு.

விண்ட்ஷீல்டின் உட்புறத்தில் படியும் மெல்லிய அழுக்குப் படலத்தை யாரும் துடைப்பதில்லை. எதிரொளி வரும்போது அது வெள்ளைத் திரையாகிவிடும். ஈரச் செய்தித்தாளால் துடைத்தாலே வித்தியாசம் தெரியும். டாஷ்போர்டில் பிள்ளையாரைச் சுற்றி ஓடும் சிவப்பு, பச்சை, நீல எல்இடி மாலையும் ஆராயத்தக்கது. கண் இருளுக்கு முழுமையாகப் பழக இருபது முதல் முப்பது நிமிடம் ஆகும். மினுக்கும் மாலை அதைப் பழகவிடாது, கண்ணாடியில் தானும் பிரதிபலிக்கும். பிள்ளையாருக்கு இருளில் சங்கடமில்லை. இரவில் மாலையை மட்டும் அணைத்து வைக்கலாம்.

தகுதிச் சோதனை

சொந்த உபயோக வண்டியின் பதிவு பதினைந்து ஆண்டுக்குச் செல்லும். பிறகு ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கவேண்டும். அதற்காகப் போகும் ஆம்னியின் ஹெட்லைட், கருவி இல்லாத இடங்களில், வழக்கமாக முற்பகல் பதினொரு மணி வெயிலில் சோதிக்கப்படுகிறது. அந்த வெயிலில் 540 லூமனும் 1000 லூமனும் ஒரே மாதிரிதான் தெரியும். எரிகிறதா என்பது மட்டும் தெரியும். எரிந்தால் 'லைட் ஓகே' என்று எழுதப்படும். ரிலே போட்ட வண்டிக்கும் போடாத வண்டிக்கும் ஒரே சான்றிதழ். பழைய வேனின் ஆர்.சி. புத்தகத்தில் இரவைப் பற்றிய பத்தி எதுவும் இல்லை.